விளையாடும் பிள்ளைக்கு இடுப்பு வலி: எந்த ஸ்கேன், எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். சென்னையில் பள்ளி கிரிக்கெட், லீக் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நடுநடுவே ஜிம்னாஸ்டிக்ஸ், ஈட்டி எறிதல், வாலிபால். பெரிய கவரில் இரண்டு மூன்று ஃபிலிமை வைத்துக்கொண்டு அப்பா அம்மா கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பிள்ளையை நேரில் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

பதினைஞ்சு வயசுல இடுப்பு வலியா? நாள் பூரா போனைப் பாத்துக் குனிஞ்சே கிடந்தா வராம என்ன செய்யும்?

போனும் காரணமாக இருக்கலாம், ஸ்கூல் பையும் காரணமாக இருக்கலாம். ஆனால் வாரத்தில் நாலைந்து நாள் நெட்ஸில் ஓடி வந்து பந்து வீசும் பையனுக்கு வலி என்றால் எனக்கு முதல் சந்தேகம் எலும்பின் மேல்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலியோடு விளையாட்டு மருத்துவ கிளினிக்குக்கு வந்த வளரிளம் வயதினர் 100 பேரையும், முதுகு வலி வந்த பெரியவர்கள் 100 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளில் 47 பேருக்கு முள்ளெலும்பின் பின்பக்கத்தில் விரிசல் இருந்தது. பெரியவர்களில் 5 பேருக்குத்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கில் கோளாறு நேர் எதிர்: பெரியவர்களில் 48 பேர், பிள்ளைகளில் 11 பேர்.

கிளினிக் வரை வந்தவர்களின் கணக்கு இது. தெருவில் கிரிக்கெட் ஆடும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. ஆனாலும் அப்பாவுக்கு வந்த இடுப்பு வலியும் மகனுக்கு வந்த இடுப்பு வலியும் ஒரே வியாதி என்று எடுத்துக்கொண்டு, அப்பாவின் மாத்திரையையும் பெல்ட்டையும் மகனுக்குக் கொடுப்பது சரியில்லை என்பதற்கு இதுவே போதும்.

அவன் எங்கயும் கீழ விழல, அடியும் படல. அப்புறம் எப்படி எலும்புல விரிசல் வரும்?

விழாமலே வரும். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்பக்கம் ஒரு வளையம் உண்டு. அதில் மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு பகுதி இருக்கிறது; டாக்டர்கள் அதை ‘பார்ஸ்’ என்பார்கள். பின்னால் வளைந்து, கூடவே பக்கவாட்டில் சாய்ந்து திரும்பும்போது பாரமெல்லாம் அந்தச் சின்ன இடத்தில் வந்து இறங்கும். வேகப்பந்து வீசுகிறவன் முன்காலை ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை அந்தக் காலில் ஏறுகிறது. இடுப்பு வளைந்து திரும்புவதும் அதே நேரத்தில்தான்.

ஒரு பந்தை எலும்பு தாங்கிவிடும். ஒரு நாள் வீச்சையும் தாங்கும். வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் போட்டால், உள்ளே ஏற்பட்ட நுண்ணிய சேதத்தை உடல் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த சேதம் வந்துவிடுகிறது. முதலில் எலும்புக்குள் நீர் கோக்கும். பிறகு மயிரிழை விரிசல் விழும். அதற்கு மேலும் ஆடினால் முழுசாகப் பிளக்கும். ரிப்போர்ட்டில் வரும் ‘ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன்’, ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’, ‘ஸ்பான்டிலோலைசிஸ்’ எல்லாம் இந்த ஒரே பாதையில் வெவ்வேறு இடங்கள். பெரும்பாலும் கடைசி இடுப்பு முள்ளெலும்பான எல்5இல் வரும், அதற்கடுத்து எல்4இல். பிறந்த குழந்தைகளிடம் இது காணப்படுவதில்லை. நடக்கவே முடியாமல் வளர்ந்தவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்விலும் ஒருவரிடமும் இது இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும் பங்கும் கொஞ்சம் உண்டு.

எல்லா முதுகு வலிக்கும் ஸ்கேன் எடுத்துடலாமா? இல்ல கொஞ்ச நாள் பாக்கலாமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். மேட்சுக்கு மறுநாள் இரண்டு பக்கமும் இறுகிப் பிடித்து, மூன்று நாலு நாளில் தானாக விட்டுப்போனால் அது தசை. பின்னால் வளைந்தால் வலி, ஒரே பக்கத்தில் வலி, “எங்கப்பா வலிக்குது?” என்றால் உள்ளங்கையால் தடவாமல் ஒரு விரலை வைத்துக் காட்டுகிறான், ஓய்வெடுத்தால் குறைந்து பந்தைத் தொட்டதும் திரும்பி வருகிறது, இப்படியே இரண்டு மூன்று வாரம் ஓடிவிட்டது என்றால் பந்து வீச்சை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொல்லும் சோதனையை எல்லோரும் செய்கிறோம், நானும் செய்கிறேன். அதை மட்டும் வைத்து ‘இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ அடித்துச் சொல்ல முடியாது.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல், காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது: இவை விளையாட்டுக் காயத்தின் அடையாளமே இல்லை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. கிருமித் தொற்று, கட்டி, ரத்தப் புற்று என்று பார்க்க வேண்டியவை உண்டு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துப்போய், நடமாடினால் சரியாகிறது என்றால் அது வாத நோய் டாக்டரிடம் போக வேண்டிய வேறொரு கதை.

எக்ஸ்ரே எடுத்தாச்சு, நார்மல்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஏன் இன்னொண்ணு எடுக்கச் சொல்றீங்க? கமிஷனா?

கமிஷன் இல்லை. எலும்பு முழுசாகப் பிளந்து இடைவெளி விழுந்தபின்தான் எக்ஸ்ரேயில் தெரியும். மேலே சொன்ன நீர்க்கோப்புக் கட்டமும் மயிரிழைக் கட்டமும் அதில் தெரியாது. குணமாகும் வாய்ப்பு அதிகம் இருப்பதோ அந்த இரண்டு கட்டங்களில்தான். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரே நார்மல் என்றால் ‘இன்னும் பிளக்கவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம்.

எக்ஸ்ரேயே வீண் என்று சொல்லவில்லை. நின்றபடி பக்கவாட்டில் எடுத்த படம், ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் முன்னால் நழுவியிருக்கிறதா என்று காட்டும். சாய்வாகப் படுக்கவைத்து எடுக்கும் படங்களைச் சிலர் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டை போல விரிசல் தெரியும் என்று போட்டிருக்குமே, அந்தப் படங்கள்தான். அவற்றால் கூடுதலாகக் கண்டுபிடிப்பது சொற்பம், கதிர்வீச்சு மட்டும் கூடும் என்பதால் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ., சி.டி., போன் ஸ்கேன்… மூணுல எது பெஸ்ட்? பெஸ்ட்டா இருக்கறத எடுத்துடறோம்.

மூன்றும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா, நரம்பும் டிஸ்க்கும் எப்படி இருக்கின்றன என்பது எம்.ஆர்.ஐ.யிடம் கேட்க வேண்டிய கேள்வி. எலும்புக்குள் கோத்த நீர் அதில் பளிச்சென்று தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. அதனால் பிள்ளைகளுக்கு இப்போது பெரும்பாலான இடங்களில் முதல் ஸ்கேன் இதுதான். ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்’ என்று மட்டும் இருந்தால், சென்டரில் டிஸ்க்கும் நரம்பும் பார்ப்பதற்கான வழக்கமான படங்களை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் பார்ஸ் பகுதி ஒன்றிரண்டு துண்டில் வந்து போய்விடும். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி நீரை மட்டும் காட்டும் ‘ஸ்டிர்’ வகைப் படங்கள் வேண்டும். மெல்லிய துண்டுகளாக, இரண்டு பக்கப் பார்ஸும் முழுசாக வரும்படி எடுக்க வேண்டும். நான் டாக்டருக்கு எழுதும் குறிப்பு ஒரே வரி: “16 வயது, வலது கை வேகப்பந்து, இடது பக்க வலி, எல்4 எல்5 பார்ஸில் ஸ்ட்ரெஸ் காயமா என்று பார்க்கவும்.” இந்த ஒரு வரி ரேடியாலஜிஸ்ட் கண்ணில் பட்டாலே ரிப்போர்ட்டின் தரம் மாறிவிடும்.

போன் ஸ்கேன் காட்டுவது விரிசலை அல்ல. வீட்டுச் சுவரில் எங்கே கீறல் என்று பார்க்காமல், கொத்தனார் எந்த அறையில் வேலை செய்கிறார் என்று பார்ப்பது மாதிரி, எலும்பு எங்கே தன்னைத்தானே மும்முரமாகப் பழுதுபார்க்கிறது என்று அது காட்டும். அதனால் ஆரம்பக் கட்டத்திலேயே பிடித்துவிடும். ஆனால் ‘ஸ்பெக்ட்’ முறையில், கேமரா உடலைச் சுற்றி வந்து எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் தட்டையாக எடுக்கும் படம் மட்டும் போதாது, சின்னப் புள்ளி அதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கும், எம்.ஆர்.ஐ.யில் தெளிவு கிடைக்காமல் சந்தேகம் மட்டும் பலமாக நிற்கும்போதும், வலி எங்கிருந்து வருகிறதென்றே புரியாதபோதும் இது கைகொடுக்கும்.

சி.டி. விரிசலை நேராகக் காட்டும்: எவ்வளவு அகலம், ஓரங்கள் கூராக இருக்கின்றனவா மழுங்கி வெளுத்துவிட்டனவா, புதுசா பழசா. ஜப்பானில் தொகுஷிமா பல்கலைக்கழக டாக்டர்கள் இப்படிக் கட்டம் பிரித்து, பிள்ளைகளுக்கு ஓய்வும் பெல்ட்டும் கொடுத்துத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எலும்பு ஒட்டியது, கடைசிக் கட்டத்தில் ஒன்றுகூட ஒட்டவில்லை. அவர்களும் எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு தெரிகிறதா என்பதைச் சேர்த்தே கணித்தார்கள். ஆகவே சி.டி. முதல் ஸ்கேன் அல்ல. பாதிப்பு எந்த எலும்பில் என்று தெரிந்தபின், அந்த ஓரிடத்துக்கு மட்டும் எடுக்க வேண்டியது.

போன் ஸ்கேன்னா கேன்சருக்கு எடுக்கறதாச்சே? எங்ககிட்ட எதையோ மறைக்கிறீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அம்மாக்களின் குரல் பாதியில் நின்றுவிடும். மறைக்க ஒன்றும் இல்லை. மார்பகம், புராஸ்டேட் போன்ற புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இதே ஸ்கேனைப் பயன்படுத்துகிறார்கள். நியூக்ளியர் மெடிசின் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்களாகவே இருப்பார்கள், அதனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனசு கலங்குவது இயல்புதான். இயந்திரம் ஒன்று, தேடுவது வேறு. போகும் முன்பே பையனிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அவன் கூகுளில் தேடிவிட்டுத்தான் வருவான்.

எலும்பு அடர்த்தி டெஸ்ட் ஏற்கெனவே எடுத்துட்டோம். கிரிக்கெட் செலக்‌ஷன்ல கையில எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. அதுல தெரிஞ்சிருக்குமே?

தெரியாது. அடர்த்தி பார்க்கும் ‘டெக்ஸா’ எலும்பில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று அளக்கும்; விரிசல் அதில் வராது. கையில் எடுத்தது வயதுக்கு. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வயது மோசடியைத் தடுக்க பி.சி.சி.ஐ. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, ‘டி.டபிள்யூ.3’ என்ற முறையில் எலும்பின் முதிர்ச்சியைக் கணிக்கிறது. இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

போன் ஸ்கேன் அன்னைக்கு என்ன நடக்கும்? வெறும் வயித்துல போகணுமா?

சாப்பிட்டுவிட்டே போகலாம். கை நரம்பில் ஒரு ஊசி போடுவார்கள். எலும்பில் போய் ஒட்டும் ஒரு மருந்தோடு ‘டெக்னீசியம் 99எம்’ என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்த ஊசி அது. போட்டபின் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாது. மூன்று மணி நேரம் போல வெளியே உட்காரச் சொல்வார்கள். அதற்குள் தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்துவிட வேண்டும். பிறகு மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். கேமரா சுற்றிவர அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகலாம். எம்.ஆர்.ஐ. மாதிரி குகையும் இல்லை, தடதடச் சத்தமும் இல்லை.

சில சென்டர்களில் “இன்னிக்கு இல்ல, வியாழக்கிழமை வாங்க” என்பார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், கடையில் வாங்கி அலமாரியில் வைக்கிற சரக்கல்ல. அதை உண்டாக்கும் மாலிப்டினமே சுமார் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே அந்த மாலிப்டினத்தை அடைத்து அனுப்பும் கலம் (அதை ‘ஜெனரேட்டர்’ என்பார்கள்) வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் நாள் குறிக்க முடியும். ஊசி போட்ட அன்று வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்வார்கள். மறுநாளுக்குள் வீரியம் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

ஃபிலிமைப் பாத்தோம். முட்டி, தோள், மணிக்கட்டு எல்லாம் கறுப்பா இருக்கே! உடம்பு பூரா பரவியிருக்கா?

வளரும் பிள்ளையின் படம் அப்படித்தான் இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைகளில். அங்கே எந்நேரமும் வேலை நடக்கிறது. நான் சொன்ன கொத்தனார் அங்கே இருப்பது வீடு கட்ட, பழுதுபார்க்க அல்ல. முட்டிக்கு மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டை, தோளில், மணிக்கட்டில், இடுப்பெலும்பு ஓரத்தில் கறுப்பு. சிறுநீரகங்கள் லேசாகத் தெரியும், சிறுநீர்ப்பை அடர்த்தியாகத் தெரியும், ஊசி குத்திய இடத்தில் சில சமயம் ஒரு பொட்டு இருக்கும். எல்லாமே இயல்பு.

நாம் தேடுவது இவ்வளவு கறுப்புக்கும் நடுவே முதுகுப் பக்கத்துப் படத்தில், பெல்ட் கட்டும் உயரத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று இடமோ வலமோ தள்ளி இருக்கும் ஒரு சின்னப் புள்ளி. மற்றவை இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும். இது மட்டும் ஒரு பக்கம் தனியாக நிற்கும். சமயத்தில் இரண்டு பக்கமும் புள்ளி வரும், அதற்குத்தான் ரேடியாலஜிஸ்ட்டோ நியூக்ளியர் மெடிசின் டாக்டரோ வேண்டும். எலும்பில் வரும் ஒரு சிறு கட்டியும் இதே இடத்தில் இதே மாதிரி புள்ளியாகத் தெரியலாம் என்பதால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள்.

ரேடியேஷன் பயமா இருக்கு. பிள்ளைக்குப் பின்னாடி ஏதாவது ஆகுமா?

தோராயமான கணக்கு: இடுப்புக்கு எக்ஸ்ரே வரிசை எடுத்தால் 1.5 மில்லிசீவர்ட்டுக்கு (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அருகில், போன் ஸ்கேன் 4 முதல் 6, இடுப்பு முழுக்க சி.டி. 5 முதல் 9. உலகில் சராசரி மனிதனுக்கு இயற்கையாகவே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடலோரத்தில் மோனசைட் மணல் இருப்பதால் அங்கே வசிப்பவர்களுக்கு இதைவிட அதிகம். எம்.ஆர்.ஐ.க்குப் பூஜ்யம்.

ஒரு ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது. அதற்காக ‘ஒன்றுமே இல்லை’ என்று கைகழுவவும் கூடாது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் கதிர்வீச்சுக்குக் கூடுதலாக வினைபுரியும், அவர்களுக்கு முன்னால் இருக்கும் ஆயுளும் அதிகம். பிள்ளையின் எடைக்குத் தகுந்தாற்போல ஊசியின் அளவைக் குறைப்பார்கள், சி.டி.யை ஒரு முள்ளெலும்புக்கு மட்டும் சுருக்குவார்கள். நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டியது இது: “இந்தப் படத்தில் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள், வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த ஸ்கேன் தேவையில்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல ‘மைல்டு டிஸ்க் பல்ஜ்’னு போட்டிருக்கு. அப்ப டிஸ்க்குதானே காரணம்?

அவசரப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்தாலும் பலருக்கு இந்த வார்த்தை வரும். டிஸ்க் வலி பொதுவாக முன்னால் குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால் கூடும். உங்கள் பையனுக்குப் பின்னால் வளைந்தால் வலி என்றால், அந்த ஃபிலிமை பார்ஸ் பார்க்கத் தெரிந்த இன்னொரு கண் பார்க்கட்டும். முதல் பதிலில் சொன்ன 48-க்கு 11 கணக்கையும் மறக்க வேண்டாம். ‘ஸ்பைனா பிஃபிடா ஆக்கல்ட்டா’ என்று இருந்தாலும் பதற வேண்டாம்; பின்வளையம் பிறவியில் முழுசாக மூடாமல் இருப்பது அது, பெரும்பாலும் தானாக எந்தத் தொல்லையும் தராது.

எம்.ஆர்.ஐ. சுத்தமா நார்மல். ஆனா இன்னும் வலிக்குதுங்கறான். நடிக்கிறானா?

ஸ்கூல் போகாமல் இருக்க நடிக்கும் பிள்ளை உண்டு. மேட்ச் ஆடாமல் இருக்க நடிக்கும் வேகப்பந்து வீச்சாளனை நான் பார்த்ததில்லை. முதலில் ‘ஸ்டிர்’ எடுத்தார்களா, பார்ஸ் முழுசாக வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் கேள்வியே கேட்கப்படவில்லை என்று அர்த்தம். சரியாக எடுத்தும் நார்மல் என்றால் இடுப்பெலும்பு மூட்டு, முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பு, தசை என்று பார்க்க வேண்டும். சேக்ரத்திலும் ஸ்ட்ரெஸ் காயம் வரும். ஓட்டப்பந்தயப் பெண்களிடம் குறிப்பாக. இந்த மாதிரி நேரத்தில் ஸ்பெக்ட் போன் ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

அவன் வலது கை பௌலர். வலி இடது பக்கம். சம்பந்தமே இல்லையே?

சம்பந்தம் இருக்கிறது. வலது கையால் வீசும்போது உடல் இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது, எனவே நசுங்குவது இடது பார்ஸ். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வருவதுதான் வழக்கம். இடது கை வீச்சாளருக்கு வலது பக்கம். எதிர்ப்பக்கம் ஒரு விரலால் காட்டினால் என் சந்தேகம் ஒரு படி கூடும்.

பொண்ணு ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா. ஸ்கேன் ரூம்ல பீரியட்ஸ் எப்ப வந்துச்சுன்னு கேட்டாங்க. சின்னப் பொண்ணுகிட்ட இதெல்லாம் கேக்கலாமா?

கேட்டுத்தான் ஆக வேண்டும். கதிர்வீச்சு தரும் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் கருவுற்றிருக்கும் வாய்ப்பை விசாரிப்பது விதி. வயதுக்கு வந்த எல்லாப் பெண்களிடமும் கேட்பார்கள், சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. போகும் முன் அம்மாவோ அக்காவோ சொல்லிவைத்தால் அவள் கூசமாட்டாள்.

அதே கேள்விக்கு இன்னொரு பயன் உண்டு. பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ எலும்பு பலமிழக்கும். “எடை குறைச்சா நல்லா ஆடலாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மட்டும்தான் மேலே ஒதுக்கிவைத்த அடர்த்திப் பரிசோதனையையும் நான் கேட்கச் சொல்வேன். வைட்டமின் டி யாருக்கும் பார்க்கலாம்; நாள் முழுக்க வெயிலில் ஆடும் பிள்ளைக்கும் நம் ஊரில் அது குறைந்திருப்பது உண்டு.

‘பழைய பிளவு, ரெண்டு பக்கமும், ஒட்ட வாய்ப்பில்லை’ன்னு சி.டி.ல வந்திருக்கு. கிரிக்கெட் அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் போல இந்தப் பிளவோடுதான் நடமாடுகிறார்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் ஓராண்டுக்குள் நல்ல நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு எலும்பு ஒட்டவே இல்லை. வலி போவதும் எலும்பு ஒட்டுவதும் இரண்டு தனி விஷயங்கள்.

பெரிய பெயர்களும் இந்த வழியில் நடந்தவர்களே. 1973இல் வெஸ்ட் இண்டீஸ் தொடரில் முதுகெலும்பு விரிசலோடு திரும்பிய ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1974-75 ஆஷஸில் மறுபடி வேகமாக வீசினார். பிறகு 1987இல் நம் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சி கொடுக்க வந்தவரும் அவர்தான். இன்னொரு ஆஸ்திரேலியர் பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார், இரண்டாவது டெஸ்ட் ஆட 2017 ஆகிவிட்டது. நடுவில் கழிந்த ஆண்டுகளில் பெரும்பங்கு முதுகுக்குப் போனது. பும்ராவுக்கு 2019இல் வந்தது, 2022இல் திரும்ப வந்தது, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன், ஆகஸ்டில் ஆட்டம். ஆபரேஷன் என்பது மாதக்கணக்கில் சரியான ஓய்வும் பயிற்சியும் பலிக்காத சிலருக்கு. பதினைந்து வயதுப் பையனுக்கு முதல் வாரத்திலேயே அந்தப் பேச்சை எடுத்தால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

‘லிஸ்தெசிஸ் கிரேடு 1’னு எழுதியிருக்கே. முதுகெலும்பு நழுவி காலே வராமப் போயிடுமா?

இரண்டு பக்கமும் பிளந்தால் முள்ளெலும்பு முன்னால் நழுவ இடம் கிடைக்கும். கிரேடு 1 என்றால் நழுவியது அகலத்தில் கால் பங்குக்குள். பெரும்பாலும் அதே இடத்தில் நின்றுவிடும். மளமளவென்று உயரம் ஏறும் வயதில் மட்டும் கூடலாம் என்பதால், வளர்ச்சி முடியும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் நின்றபடி பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். இதற்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, அதில் படுத்திருப்பதால் நழுவல் குறைத்தே தெரியும்.

பெல்ட் போட்டு, எண்ணெய் தேச்சு, சுளுக்கு எடுத்துட்டா சரியாகாதா?

எண்ணெய் தேய்ப்பதில் தீங்கு இல்லை, இறுகிய தசைக்கு இதமாக இருக்கும். இடுப்பை முறுக்கி ‘டக்’கென்று சத்தம் வரவைப்பதை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள், எந்த அசைவால் விரிசல் விழுந்ததோ அதே அசைவு அது. பெல்ட் விஷயத்தில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பெல்ட் போட்டுக்கொண்டு பந்து வீசலாமா என்றால், கூடாது.

மூணு மாசம் ஓய்வு எடுத்தாச்சு, வலியே இல்ல. திரும்ப போன் ஸ்கேன் எடுத்து ‘கிளியர்’னு வந்தாதான் ஆடணுமா?

போன் ஸ்கேனை இதற்குப் பயன்படுத்த முடியாது. எலும்பு ஒட்டியபின்னும் தன்னைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். புள்ளி பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு சீசனை வீணாக்கியவர்கள் உண்டு. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யில் நீர் வற்றிவிட்டதா என்று பார்ப்பார்கள், எலும்பு ஒட்டியதை உறுதிப்படுத்த வேண்டுமானால் சிறிய சி.டி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லாமலே முடிவெடுக்கலாம். வேகப்பந்து வீச்சாளர்களிடம்தான் நான் கொஞ்சம் கறார், ஏனென்றால் வலி போன வேகத்தில் எலும்பு ஆறுவதில்லை.

வலி இல்லை என்றதும் முதல் நாளே முழு ரன்-அப்பில் ஓடக் கூடாது. வயிறு, இடுப்பு, தொடைப் பின்தசைப் பயிற்சி, பிறகு ஓட்டம், பிறகு நின்ற இடத்தில் வீச்சு, பிறகு குறைந்த வேகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். வேகப்பந்து வீச்சாளன் மேட்சுக்குத் திரும்ப ஆறு மாதம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வீச்சு முறையைக் கோச் பார்க்க வேண்டும்: இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்க்கும் கலப்பு ஆக்‌ஷன் முதுகின் எதிரி.

வலியே இல்லாத பையனுக்கும் சீசனுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்து வெச்சுக்கலாமா?

ஆஸ்திரேலியாவில் இளம் வீச்சாளர்களுக்கு வலி வரும் முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நீர்க்கோப்பு முன்னதாகத் தெரிந்தவர்களுக்குப் பின்னால் காயம் வருவது அதிகம் என்றும் கண்டார்கள். ஆனால் நீர்க்கோப்பு தெரிந்த எல்லோருக்கும் காயம் வருவதில்லை. திரும்பத் திரும்ப எடுக்கவும், அதைப் பார்த்து ஓவர்களைக் குறைக்கவும் ஆள்படை இருக்கும் இடத்துக்கு அது சரி. உங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும்: இன்று எத்தனை பந்து, நெட்ஸையும் சேர்த்து. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு ஸ்பெல்லில் (இடைவெளி விடாமல் ஒரு தடவை வீசுவதில்) 5 ஓவர், நாளுக்கு 10 என்றும், 15 வயதுக்குட்பட்டவருக்கு 6, நாளுக்கு 12 என்றும் வரம்பு வைத்திருந்தது. நம் பையன் காலையில் ஸ்கூல் மேட்ச், மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை லீக் என்று மூன்று கோச்சிடம் வீசுகிறான். மூவரில் ஒருவருக்கும் மொத்தக் கணக்கு தெரியாது.

அடுத்த வாரம் செலக்‌ஷன். வலி மாத்திரை போட்டு ஆடிட்டு அப்புறம் ஸ்கேன் எடுத்துக்கலாமா?

இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை, ஆனால் மூன்றாவது பதிலில் சொன்ன அடையாளங்கள் இருக்கின்றன என்றால், வேண்டாம். மாத்திரை வலியை மறைக்கும், முன்கால் ஊன்றும் விசையைக் குறைக்காது. நீர்க்கோப்போடு இருந்த எலும்பு அந்த இரண்டு நாளிலேயே விரிசலாகிவிட முடியும். தொகுஷிமா கணக்கில் ஆரம்பக் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று மேலே பார்த்தீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் போவது ஒரு சீசன்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். செலக்‌ஷனுக்கு முன்பே ஸ்கேன் தேதி வாங்கிவிடுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, பையன் காயத்தில் இருக்கிறான், இன்ன மாதம் திரும்புவான் என்று கோச் மூலமாகத் தெரிவியுங்கள். பேட்டிங்கும் தெரிந்தவன் என்றால், வலி இல்லாத அளவுக்கு அதை மட்டும் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமோடு நின்றுவிடாமல் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ முழுப் படங்களையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சடித்துத் தருவது சில துண்டுகள்தான், பார்ஸ் இருக்கும் துண்டு அதில் விடுபட்டுப் போவது சகஜம். அடுத்த டாக்டரிடம் அது இல்லாமல் போனால் மறுபடி எடுக்கச் சொல்வார்.